படகுக்கு அப்பா மட்டும் வருகிறார்

கண்ணு,

இந்நேரம் மாமன் காரைக் கடலூர் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். நீ ஓட்டமாக வந்து பின்கதவைத் திறந்திருப்பாய். அங்கே அப்பாவின் தலையணையும், மாத்திரைப் பையும், ஊன்றுகோலும், கவிதாவுக்குப் பிடிக்குமே என்று நான் தட்டிப் போசியில் வைத்த இனிப்பு ஒப்புட்டும்தான் இருந்திருக்கும். முன்சீட்டில் அப்பா. நான் இல்லை. "அம்மா எங்கீங்க மாமா?" என்று கேட்டிருப்பாய். "எனக்கென்ன மாப்ள தெரியும்? கெளம்பற நேரத்துல இந்தக் கடுதாசியக் கையில குடுத்து, நீங்க போங்கன்னு சொல்லிப்போட்டாங்க" என்று என் தம்பி கையை விரித்திருப்பான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அப்பாவைத் தவிர நான் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னோடும் கவிதாவோடும் எந்த மனத்தாங்கலும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ அன்றைக்கே ஆத்தூர், சேலம் என்று வண்டியை விரட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருப்பாய். "சும்மா இருங்கம்மா, எந்திரிங்க, கெளம்பலாம்" என்று சிரித்திருப்பாய். நானும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறியிருப்பேன். ஏறிவிடுவேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போவதைத் தவிர வேறொன்றும் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நீ எதிரில் இல்லாதபோது உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அப்பாவைப் படகில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு நிதானமாகப் படி.

நீ தான்சானியாவிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து சொல்கிறேன். திருச்செங்கோட்டுப் பையன்கள் எல்லோரும் போகிற மாதிரி நீயும் ரிக் வண்டியோடு போர்வெல் போடப் போனாய். அங்கே கடற்கரையில் ஒரு குடும்பத்தைப் பார்த்ததாகப் போனில் சொன்னாய். புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், நான்கு பேரும் ஒரு படகிலேயே குடியிருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது, சமையல் நடக்கிறது, தோன்றியபோது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று. அவர்களுடைய பம்பை நீ சரிசெய்து கொடுத்ததும், அவர்கள் உனக்குச் சோறு போட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, "வேல வெட்டி இல்லாத பசங்க" என்று கோழித் தீவன லாரிக்காரரிடம் சண்டை போடப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அவர் குரல் நம் கோழிப் பண்ணையின் கடைசிக் கொட்டாய் வரைக்கும் கேட்கும். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. நீ ஒப்பந்தம் முடிவதற்குள் ஓடி வந்தாய். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறனுங்கம்மா" என்றாய். நீ போகவே இல்லை.

பண்ணையை நடத்த ஆளில்லாமல் கோழிகளை விற்றோம். கூண்டுகளையும் விற்றோம். இரண்டு பக்கமும் கம்பி வலை போட்ட அந்த நீளக் கொட்டாய் மட்டும் வெறுமையாக நின்றது. ஒரு நாள் காலையில் லாரியில் ப்ளைவுட் பலகைகள் வந்து இறங்கின. பின்னாலேயே ரெசின் டின்களும் ஃபைபர் துணிச் சுருள்களும் வந்தன. கோழிக்கொட்டாயில் நீ படகு கட்ட ஆரம்பித்தாய். சங்ககிரிப் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்து கூட வேலை செய்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? "ஏனக்கா, உம்பட பையன் கோழிக் கொட்டாயில கப்பல் கட்றானாமா? காவிரியில உடப்போறானா, கெணத்துல உடப்போறானா?" என்று கல்யாண வீட்டில் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஒன்று மட்டும் புரிந்திருந்தது. உனக்கு எங்களை விட்டுப் போகவும் முடியவில்லை, இங்கேயே இருக்கவும் முடியவில்லை. கடலுக்குப் போக வழியில்லாத ஒருவன் கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கையில் கிடைத்த பலகையை இழைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் கொட்டாய்க்குள் போனால் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூளோடு சாப்பாட்டுக்கு வருவாய். அந்தத் தூளைத் தட்டிவிடும்போதெல்லாம் உன்னைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பிறகு கவிதா வந்தாள். குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் நீ படகைப் பற்றி மறைக்காமல் சொன்னாய். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அதுல சன்னல் இருக்குங்களா?" எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தக் கேள்வியால்தான். கல்யாணமான பிறகு அவளும் கையுறையை மாட்டிக்கொண்டு ரெசின் பூச வந்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தபின் வேலை வேகமெடுத்தது.

அது என்ன மாதிரிப் படகு என்று எனக்கு நீதான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். "ஒத்தை ஒடம்புப் படகு காத்துல ஒருச்சாஞ்சுதான் ஓடுமுங்கம்மா. இதுக்கு ரெண்டு ஒடம்பு. காலை அகட்டி நின்ன மாதிரி. மேசை மேல டம்ளர்ல தண்ணி வெச்சா தளும்பாது. அப்பாவுக்கு இதுதான் ஆகும்." அப்போதுதான், இந்தப் படகு உங்கள் இருவருக்கானது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. இடது உடலில் உங்கள் அறை. வலது உடலில் எங்கள் அறை. இரண்டுக்கும் நடுவே மேலே கூடமும் சமையலிடமும். கூரை மேல் சூரிய ஒளித் தகடுகள், மழைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோகிற குழாய். வீட்டில் இருப்பது எல்லாம் இருந்தது. நீ டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் இடது கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளந்தாய். அந்த எட்டும் தூரத்துக்கு ஒன்றாகப் படகு முழுக்கக் கைப்பிடி வைத்தாய். படியின் உயரத்தைக் குறைத்தாய். எந்த மகன் செய்வான்? நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீ நினைத்தாய். பாதிக்கு அதுவும்தான். மீதிப் பாதி என்னவென்று எனக்கே அப்போது தெரியவில்லை. அது ஆடி மாதத்தில் தெரிந்தது.

அன்றைக்கு நடந்ததை நானும் அப்பாவும் உன்னிடம் சொல்லவில்லை. நீயும் கவிதாவும் பாய்க் கயிற்றுக்கு ஏதோ கப்பி வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தீர்கள். படகு கொட்டாய்க்குள் இரண்டு உடலும் நடுத்தளமும் பூட்டிப் பார்ப்பதற்காக முழுசாக நின்றிருந்தது. மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, கொட்டாயை ஒட்டிய முன்வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் அறைக்குப் போர்வை எத்தனை அகலம் வேண்டும் என்று பார்க்கலாமென்று ஏணி வைத்து ஏறினேன். வலது பக்கப் படியில் இறங்கி அறைக்குள் போனேன். ஆடிக் காற்று கம்பி வலை வழியாகப் புகுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தியது. தாழ் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், உள்பக்கம் கைப்பிடியே இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. கைப்பிடியை நீ இன்னும் மாட்டியிருக்கவில்லை.

விரலை விட்டுத் திருகினேன். தட்டினேன். சீப்பை எடுத்து நெம்பினேன். சன்னல்கள் எல்லாம் திறக்காத கண்ணாடி. மேலே கூரையில் இருந்த மூடி எனக்கு எட்டவில்லை. ரெசின் வாசம் மூக்கில் ஏறியது. வேர்த்து ஊற்றியது. கையை நீட்டினால் இந்தச் சுவர், அந்தக் கையை நீட்டினால் அந்தச் சுவர். போன் வீட்டில் இருந்தது. கத்தினேன். ஆடிக் காற்றில் கொட்டாய்த் தகரம் அடித்துக்கொண்ட சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது?

அப்போது அப்பா கூப்பிட்டார். உனக்குத் தெரியும் அவர் கூப்பிடுவது, "ஏ... ஏ..." என்று. தண்ணீருக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான், ஈ ஓட்டுவதற்கும் அதுதான். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் நான் அங்கே நிற்பேன். அவர் கூப்பிட்டார். நான் கதவில் மோதினேன். மறுபடியும் கூப்பிட்டார். கண்ணு, நான் இப்போது எழுதப்போவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ. என்னால் போக முடியாது என்பது திட்டமாகத் தெரிந்ததும், என் உடம்பு தளர்ந்து கட்டிலில் உட்கார்ந்தது. அவர் கூப்பிடுகிறார், நான் போக வேண்டியதில்லை. போக முடியாது, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கைகால் விழுந்த நாளிலிருந்து அப்படியொரு ஆறுதல் எனக்கு வாய்த்ததில்லை. அடைபட்டுக் கிடந்துகொண்டு நான் ஆறுதலாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் கூப்பிடுவது நின்றுவிட்டது. அது நின்றதும் எனக்கு உயிர் போய்விட்டது. விழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் நீ ஒரு நாள் காட்டியது நினைவுக்கு வந்தது. "இந்த மாதிரிப் படகு சாயாதுங்கம்மா, ஆனா பெரும் புயல்ல குப்புற உளுந்துட்டா தானா நிமிராது. அப்ப வெளிய வாரதுக்குத்தான் இது, பஸ்ஸுல எமர்ஜென்சி கதவு மாதிரி" என்று படிக்குப் பக்கத்தில் உள்சுவரில் ஒரு சதுர மூடியைக் காட்டினாயே. ஆனால் அந்தப் படி, கதவுக்கு வெளியே. பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். எங்கள் அறைக்கென்று தனியாக இன்னொன்று வைத்திருந்தாய். அப்பா இருக்கிற அறை என்பதால் வைத்திருப்பாய். இரண்டு திருகுகளையும் சுற்றித் தள்ளினேன். வெளிச்சம் தெரிந்தது. இந்த வயசில், இந்த உடம்போடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை முதலில் விட்டு, இரண்டு உடல்களுக்கும் நடுவே கொட்டாய்த் தரையில் தொப்பென்று விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. நீ வந்து கேட்டபோது மாட்டுக் கொட்டகையில் வழுக்கிவிட்டது என்றேனே, அந்தக் காயம்தான்.

எழுந்து ஓடினேன். அப்பா நாற்காலியில் இல்லை. தரையிலும் இல்லை. அவர் கொட்டாயின் பக்கச் சுவரில் இருந்தார். இடது கைவிரல்களைக் கம்பி வலையில் மாட்டி, ஒரு கண்ணி விட்டு மறு கண்ணியைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து, பாதிக் கொட்டாய் தூரம் தனியாக வந்துவிட்டிருந்தார். வீட்டுக்குள் நான் பிடிக்காமல் பாத்ரூம் வரைக்கும் போகாத மனிதர். என்னைப் பார்த்ததும், "எங்க... போன?" என்றார். இரண்டு வார்த்தை சேர்ந்து வந்ததே அபூர்வம். "உள்ள மாட்டிக்கிட்டனுங்க" என்றேன். தலையெல்லாம் ஒட்டடை, சேலையெல்லாம் ரெசின் தூள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தோம். அவரை நாற்காலிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனபோது என் கையை அவர் தட்டிவிட்டார். அதை நான் கவனித்தேன். பிடித்துக்கொள்ள ஏதாவது கைக்கு எட்டினால் இவருக்கு நான் வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அப்புறம் படகு கிளம்பியதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுப் படகு நம் ரோட்டின் அகலத்தில் பிடிக்காது என்று தெரிந்துதானே கழற்றிப் பூட்டுகிற மாதிரி கட்டியிருந்தாய். ஆனால் கொட்டாயை விட்டு வெளியே வரவே இடமில்லாமல் முன்சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. அப்பா அந்தச் சுவரை எப்படிக் கட்டினார் என்று உனக்குத் தெரியாது, நீ கைக்குழந்தை. இடிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கையை உயர்த்தி, "இன்னும்... இன்னும்" என்று ஜேசிபிக்காரருக்குச் சைகை காட்டினார். மூன்று டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைத் தாண்டியபோது கல்யாண வீட்டில் என்னைக் கேலி செய்த அதே பெண்கள் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், தேர் போகிறது போல.

கடலூரில் உப்பனாற்றில் படகு மிதந்த பிறகு மார்கழியில் எங்களைக் கூட்டிப்போய் நாலு நாள் தங்கவைத்தாய். அந்த நாலு நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் நாள் காலையில் விழித்தால் பக்கத்தில் அப்பா இல்லை. அலறிக்கொண்டு எழுந்தேன். மேலே போனால் பின்தளத்தில் கவிதாவுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "யாரு கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டேன். "நாந்தான்... நானே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கட்டிலிலிருந்து கைப்பிடி, கைப்பிடியிலிருந்து படி, படியிலிருந்து மேசை விளிம்பு, அப்படியே வெளியே. நம் வீட்டில் கூடத்துக்கு நடுவே வந்து நின்றால் பிடிக்க ஒன்றுமில்லை, என் தோளைத் தவிர. படகில் எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மீன்பிடி போட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தபோது இவரே படகைச் சுற்றிக் காட்டினார், பேச்சில்லாமல், கையாலேயே. ஆற்று முகத்தைத் தாண்டிப் பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தினாயே, அந்த அமைதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய், சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தாய். பழைய மனிதரை நான் பார்த்தேன். சத்தம் போடாத பழைய மனிதர்.

எனக்கோ அந்த அறைக்குள் இறங்கினாலே கண் கதவுக்குத்தான் போகும். கதவைத் திறந்து வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தேன், நீ கேட்டதற்குக் காற்று வரட்டும் என்றேன். மாத்திரை எடுக்கக் கீழே போகச் சொன்னால் கவிதாவை அனுப்பினேன். மேலே கூடத்தில் உட்கார்ந்தாலும் எந்தப் பக்கம் எழுந்தாலும் நாலு அடியில் தண்ணீர். வாசலுக்குப் போய் நின்று ரோட்டைப் பார்க்க முடியாது. கோபம் வந்தால் கொல்லைப்புறம் போய்த் தனியாக முருங்கைக்கீரை ஒடிக்க முடியாது. எந்நேரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல பழகிருமுங்கம்மா" என்றாய்.

அந்த வார்த்தையை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வெண்ணந்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, படிப்பை விட்டதற்காக அழுத என்னிடம் என் அம்மா சொன்னார், பழகிவிடும் என்று. சோற்றில் கூடக் கோழி எச்ச வாடை அடிக்கிறதே என்று நான் சாப்பிடாமல் இருந்தபோது உன் அப்பா சொன்னார். அவருக்கு உடம்பு விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குப் படுக்கையை மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு அன்பாகத்தான் சொன்னாள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் பழகித்தான் போயிற்று. படகும் பழகிவிடும். ஒரு மாதத்தில் அந்த அறையில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். அதுதான் கண்ணு எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்றுக்குப் பழகிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

நீ தை பிறந்தால் கிளம்பலாம் என்றாய். பொங்கல் முடிந்தும், நாங்கள் வரும்வரை நங்கூரத்தைத் தூக்க மாட்டேன் என்று அங்கேயே நிற்கிறாய். கோழிக்கொட்டாயில் நின்ற மாதிரியே இப்போது ஆற்றுக்குள் நிற்கிறாய். எங்களை விட்டுப் போக உன்னால் முடியாது என்பதால் எங்கள் இருவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு வீட்டையே கட்டினாய். நல்ல மகன். ஆனால் எங்களை இருவராக நீ பார்க்கவில்லை. "அம்மா அப்பா" என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ஒருவருக்குச் சரியானது மற்றவருக்கும் சரி என்று நினைத்துவிட்டாய். உன் அப்பாவுக்கு அந்தப் படகு திறந்துவிட்ட கதவு. எனக்குச் சாத்திய கதவு. ஆகவே அவரைக் கூட்டிப்போ. ஈரோட்டு டாக்டரிடம் நானே அவரை அழைத்துப்போய்க் கேட்டேன். மாத்திரை தவறக்கூடாது, கரையை விட்டு ரொம்பத் தள்ளிப் போகக்கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நீ சொன்ன மாதிரியே கரையை ஒட்டி, ஊர் ஊராக நிறுத்தி, தூத்துக்குடி வழியாகக் கொச்சி வரைக்கும் போங்கள். அதற்கு மேல் போவதைப் பற்றி அங்கே வைத்துப் பேசலாம். கொச்சிக்கு நான் ரயிலில் வருகிறேன். கரையில் ஒரு அறை எடுத்து வை.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் குளிப்பாட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் உன் வேலை. கவிதாவின் வேலை அல்ல. அவள் தானாகச் செய்ய வருவாள். வந்தால் வேண்டாம் என்று சொல். ஒரு நாள் செய்தால் அது அவளுடையதாகிவிடும், யாரும் அப்படிச் சொல்லாமலேயே ஆகிவிடும். அது எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மாமனாரைக் கூட்டிப்போகிறோம், சம்மதமா என்று அவளிடம் நீ கேட்டாயா? "சரிங்க" என்று சொல்லியிருப்பாள். நானும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை கேள், அவள் முகத்தைப் பார்த்துக் கேள், பதிலுக்குக் காத்திரு. அவள் வேண்டாம் என்றால் மாமனோடு அப்பாவைத் திருப்பி அனுப்பிவிடு. நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அப்பா பேச ஆரம்பித்தால் நீ முடிக்காதே. நேரமாகும், உனக்குப் பொறுமை போகும், ஆனால் வார்த்தை வரும். அவர் விழுந்தால் உடனே பாய்ந்து தூக்காதே, தானாக எழப் பார்க்கட்டும். உப்பைக் குறை. கவிதாவுக்கு உன்னிடமிருந்து தள்ளி உட்கார அந்தப் படகில் ஒரு இடம் வேண்டும். எதற்கென்று கேட்காமல் செய்து கொடு.

நான் இங்கே என்ன செய்வேன் என்று நீ கவலைப்படுவாய். ஒன்றும் செய்யமாட்டேன் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறேன். பசித்தால் சமைப்பேன், பசிக்காவிட்டால் மாட்டேன். பஸ் ஏறி எங்காவது போவேன், பஸ் நிற்கிற இடத்தில் இறங்குவேன். மாட்டைத் தம்பி வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்பாய். கொஞ்சம் இருக்கிறது. அது என்னுடைய பயம், அதையும் பார்க்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம்தான் அப்பாவிடம் சொன்னேன். எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "ஏனுங்க, உங்களுக்குப் படகுக்குப் போக இஷ்டந்தானுங்களே?" என்று கேட்டேன். "போறன்" என்றார், யோசிக்காமல். "நான் வரலீங்க" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தேன். ஒரு டவுன் பஸ் போயிற்று. தூசி அடங்கிற்று. அழுவார், இல்லாவிட்டால் கோபத்தில் ஊன்றுகோலைத் தட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன தெரியும் உங்களுக்கு? எப்பத் தெரியும்?"

வார்த்தையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். நெற்றி நரம்பு புடைக்க, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்.

"அங்க... நாலு நாளும்... நீ... பையப் பிரிக்கவே... இல்ல."

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போனதும் உள்ளே வந்து பீரோவைத் திறந்து அவருக்கு ஒரு பை கட்டினேன். எந்தச் சட்டை வேண்டும், எது வேண்டாம் என்று கட்டிலில் உட்கார்ந்து அவரே விரலால் காட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டில் இருக்கும்
உன் அம்மா